வெளுப்புத் தண்ணீர் வழக்கு

எங்கள் தோட்டத்துக் கடைக்கார மாமாவோடு அம்மா மூன்று வாரம் பேசாமல் இருந்தார். காரணம் ஒரு போத்தல் வெளுப்புத் தண்ணீர்.

1986-ஆம் ஆண்டு அது. நான் பட்டணத்துப் பள்ளியில் ஆறாம் படிவம். தம்பி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. திங்கட்கிழமை சபைகூடலில் வெள்ளைச் சட்டை பழுப்பாக இருந்தால் வரிசையை விட்டு வெளியே நிறுத்திவிடுவார்கள். தம்பி இரண்டு வாரம் அப்படி நின்றான். அம்மா விடியுமுன் மரம் வெட்டப் போய், பால் ஊற்றிவிட்டு வந்து, அதன் பிறகுதான் குழாயடியில் துவைக்க நிற்பார். இரண்டு மூடி ஊற்றிய இடத்தில் ஐந்து மூடி ஊற்றிப் பார்த்தார். சட்டை வெளுக்கவில்லை. அவர் விரல்கள்தான் வெடித்தன.

சம்பள நாளன்று கடை வாசலில், பத்துப் பேர் முன்னால் கேட்டேவிட்டார். "பீப்பாயில தண்ணிய கலந்து விக்கிறியே, ஏழைங்க காசுன்னா அவ்வளவு இளப்பமா?"

"சத்தியமா வந்த சரக்க அப்படியே ஊத்திக் குடுக்கிறேன் அக்கா" என்றார் மாமா. யார் நம்புவது? நானும் நம்பவில்லை.

அந்த மாதம் பள்ளியில் 'டைட்ரேஷன்' பாடம். ஆசிரியையிடம் அனுமதி வாங்கி, மூன்று சரக்கைக் கொண்டு போனேன். ஒன்று எங்கள் குழாயடிப் போத்தல். இன்னொன்று கடைப் பீப்பாயிலிருந்து, பக்கத்து வீட்டு அக்காளை விட்டுப் புதிதாக வாங்கியது. மூன்றாவது, பட்டணத்தில் விற்கும் பெரிய கம்பெனிச் சரக்கு.

வெளுப்பது சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற பொருள். அது எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒவ்வொன்றையும் பத்து மடங்காகத் தண்ணீர் சேர்த்துப் பெருக்கி, அதில் 10 மில்லி லிட்டர் எடுத்து, முதலில் பொட்டாசியம் அயோடைடும் பிறகு சிறிது அமிலமும் விட்டால், அயோடின் பிரிந்து செம்பழுப்பாகும். மேலே பியூரெட்டிலிருந்து சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். நிறம் வெளிர் மஞ்சளானதும் கொஞ்சம் கஞ்சி. ஆமாம், சட்டைக்குப் போடுகிறோமே, அந்த வகைக் கஞ்சிதான்! உடனே கருநீலமாகும். இன்னும் சில சொட்டில் நீலம் சட்டென்று மறையும். அங்கே நிறுத்தி அளவைப் பார்க்கவேண்டும். தயோசல்பேட் எவ்வளவு அதிகம் செலவாகிறதோ, சரக்கு அவ்வளவு கடுப்பு.

கம்பெனிச் சரக்குக்கு 13.9 மில்லி லிட்டர் செலவாயிற்று, கணக்கில் 5.2 விழுக்காடு. கடைச் சரக்கு 9.5, அதாவது 3.5 விழுக்காடு. எங்கள் போத்தல் 3.2-லேயே முடிந்துவிட்டது. 1.2 விழுக்காடுதான்! மூன்று முறை செய்து பார்த்தேன். மாறவில்லை.

கம்பெனிப் போத்தல் இரண்டு வெள்ளி, அதே அளவு கடைச் சரக்கு ஒரு வெள்ளி. போட்ட காசுக்குக் கடைச் சரக்கே லாபம். அப்படியானால் எங்கள் போத்தலுக்கு என்ன வந்தது?

"எதில் ஊற்றி, எங்கே வைத்தாய்?" என்று கேட்டார் ஆசிரியை. கண்ணாடி போன்ற சர்பத் போத்தலில் ஊற்றிக் குழாயடி வெயிலில் ஒன்றரை மாதமாக வைத்திருந்தோம். வைத்தது நான்தான். வெயிலிலும் சூட்டிலும் ஹைப்போகுளோரைட் சிதைந்து, பெரும்பாலும் உப்பாகிவிடுமாம். குடிக்கிற போத்தலில் ஊற்றியதற்குத் தனியாகத் திட்டு விழுந்தது. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் போத்தலில் மட்டும் இதை ஊற்றிவிடாதே என்றும் எச்சரித்தார். இரண்டும் கலந்தால் குளோரின் நச்சுப்புகை கிளம்பும், மூச்சே அடைத்துவிடும். நம் லயங்களில் இரண்டு போத்தலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை, வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை.

நானும் பின்னாலேயே போனேன். கடையில் கூட்டம் இருந்தது. அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி, "நீ குடுத்த சரக்கு நல்ல சரக்குதான் தம்பி. நாங்கதான் வெயில்ல வச்சுக் கெடுத்துட்டோம்" என்றார்.

மாமா பதில் சொல்லாமல் உள்ளே போய், வெளிச்சம் புகாத வெள்ளை டப்பா ஒன்றைக் கழுவி எடுத்து வந்து, பீப்பாய்க் குழாயைத் திறந்தார்.