பிழை நேர்ந்த பின்

(முன்னாள் மாணவர், கணிப்பொறி அறிவியல் துறை)

மனிதன் படைத்த கருவிகளுள் பழுதுபடாத கருவி என்று ஒன்று இல்லை. வண்டியின் அச்சு முறிகின்றது. கடிகாரத்தின் வில் தளர்கின்றது. கிணற்று மோட்டார் நடு வெயிலில் நின்றுவிடுகின்றது. எனவே கருவியைப் படைக்கும்போதே, அது பழுதுபட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கிறது. கணிப்பொறித் துறையில் இந்த எண்ணத்திற்குப் 'பிழை மீட்பு' என்று பெயர். மாணவப் பருவத்தில் நம்மில் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. நிரல் ஒருமுறை ஓடி, சரியான விடை வந்துவிட்டால் செய்முறை ஏட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகின்றோம். நானும் அப்படிப் போனவர்களில் ஒருவன்தான். ஆனால் இன்று என் அன்றாடப் பணியே பிழை மீட்பைச் சுற்றி அமைந்துவிட்டது. நம் கல்லூரி மலருக்கு எழுதும் வாய்ப்புக் கிடைத்தபோது இதைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது.

இயக்கி என்னும் தூதன்

1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் முதல் வட்டுச் சேமிப்புக் கருவியை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. அத்தனை பெரிய பொறியில் 50 லட்சம் எழுத்துகளை மட்டுமே சேமிக்க முடிந்தது. இன்று அதைப்போல் பல ஆயிரம் மடங்கு தகவலை விரல் நகமளவு துண்டில் அடக்கிவிடுகின்றோம். ஆயினும் ஒன்று மாறவில்லை. வட்டு வேறு, கணிப்பொறி வேறு. கணிப்பொறி கட்டளை அனுப்ப வேண்டும். வட்டு அதை நிறைவேற்றிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே நின்று கட்டளையைக் கொண்டுபோய், பதிலைக் கொண்டுவரும் தூதனே 'டிரைவர்' எனப்படும் இயக்கி நிரல்.

லினக்ஸ் இயங்குதளத்தில், பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் கண்ட்ரோலர் அட்டை ஒன்றுக்கான இயக்கியில் நான் பணியாற்றுகின்றேன். மற்றவர்கள் எழுதிய மாற்றங்களை, அவை நிரலில் சேர்க்கப்படுமுன் வரி வரியாகப் படித்துப் பார்ப்பது என் பொறுப்பு. சரியென்றால் ஒப்புதல் தர வேண்டும். ஐயமிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். விடைத்தாள் திருத்துவது போன்ற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். விடைத்தாளுக்குச் சரியான விடை முன்பே தெரியும். இங்கே அது எழுதினவருக்கும் தெரியாது, படிக்கிறவருக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும்.

படிப்படியான வைத்தியம்

வட்டுக்கு ஒரு கட்டளை போகின்றது. பதில் வரவில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது? லினக்ஸில் வட்டுக் கட்டளைக்கு வழக்கமாக 30 வினாடி கெடு. கெடு கடந்தால் மீட்பு வேலை தொடங்குகின்றது. அது நாட்டு வைத்தியரின் முறையை ஒத்தது. முதலில் கஷாயம், பிறகு பத்தியம், கடைசியில்தான் கத்தி.

முதற்படியாக, அந்த ஒரு கட்டளையை மட்டும் ரத்துச் செய்யுமாறு இயக்கியிடம் சொல்லப்படும். அது பலிக்காவிட்டால் அந்த வட்டை மட்டும் ரீசெட் செய்வது. அதுவும் பலிக்காவிட்டால் வட்டுகள் இணைந்திருக்கும் பாதையை ரீசெட் செய்வது. அதற்கும் மசியாவிட்டால் கண்ட்ரோலர் அட்டையையே நிறுத்தித் தொடங்குவது. ஒவ்வொரு ரீசெட்டுக்குப் பிறகும் 'தயாராக இருக்கிறாயா?' என்று வட்டிடம் ஒரு சிறு கேள்வி கேட்கப்படும். எதற்கும் பதிலில்லை என்றால் அந்த வட்டு பயன்பாட்டிலிருந்து விலக்கி வைக்கப்படும்.

இந்த வைத்தியத்தில் ஒரு தொல்லை உண்டு. ரீசெட் படிகள் நடக்கும்போது, அதே கண்ட்ரோலரின் கீழுள்ள நல்ல வட்டுகளுக்கும் புதிய கட்டளைகள் போகா. ஒரு வீட்டுக் குழாய் உடைந்ததற்காகத் தெரு வால்வையே மூடுவது போன்றது இது. சில வீட்டு உபயோக வட்டுகள், படிக்க முடியாத ஓர் இடத்தைத் தாமாகவே மீண்டும் மீண்டும் படிக்க முயன்று ஒரு நிமிடத்துக்கு மேலும் மௌனம் காக்கும். கணிப்பொறியோ 30 வினாடியில் பொறுமை இழந்துவிடும். அதன் பின் தெரு முழுவதும் தண்ணீர் இல்லை.

ஒரு மாற்றம்

இந்தத் தொல்லையைத் தீர்க்க எங்கள் குழுவில் ஓர் இளம் பொறியாளர் ஒரு மாற்றம் எழுதிக் கொண்டுவந்தார். நல்ல அறிவாளி, கடும் உழைப்பாளி. மாற்றம் மொத்தம் நாற்பது வரிகூட இல்லை. அதன் சாரம் இதுதான்: ரத்துக் கோரிக்கைக்குக் கண்ட்ரோலர் 5 வினாடிக்குள் பதில் தராவிட்டால், 'ரத்து வெற்றி' என்றே மேலே சொல்லிவிடுவது. அப்படிச் சொல்லிவிட்டால் ரீசெட் படிகளுக்கு வேலையில்லை. தெரு வால்வை மூட வேண்டியதில்லை.

"சார், எப்படியும் அந்த வட்டு செத்துப்போனதுதானே? செத்ததை ரத்துச் செய்தோம் என்று சொல்வதில் என்ன நஷ்டம்?" என்று கேட்டார்.

சோதனையும் செய்திருந்தார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வட்டின் கேபிளைப் பிடுங்கிப் பார்த்திருக்கின்றார், பலமுறை. ஒவ்வொரு முறையும் மற்ற வட்டுகள் தடையின்றி ஓடின. வாடிக்கையாளர்கள் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்ததும் இதைத்தான். ஒப்புதல் தந்துவிட்டால் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஆயினும் 'வெற்றி' என்ற அந்த ஒரு சொல்லின் பொருள் என்ன என்று நான் நின்று யோசித்தேன். படிக்கச் சொல்லிக் கட்டளை அனுப்பும்போது, 'தகவலை நினைவகத்தில் இந்த இடத்தில் கொண்டுவந்து வை' என்று ஒரு முகவரியும் தருகின்றோம். கண்ட்ரோலர் மையச் செயலியைக் கேளாமலே அந்த இடத்தில் நேரே எழுதிவிடும். ரத்து வெற்றி என்றால், 'இனி அந்த இடத்தில் எவரும் எழுத மாட்டார்கள். அதை வேறு யாருக்கும் கொடுக்கலாம்' என்று இயக்கி தரும் உறுதிமொழி. பதிலே வராதபோது அந்த உறுதிமொழியை எப்படித் தர முடியும்?

இதை அவருக்கு ஒரு வாடகை வீட்டைக் கொண்டு விளக்கினேன். "தம்பி, பழைய குடித்தனக்காரர் ஊரில் இல்லை, கடிதத்துக்கும் பதில் இல்லை. வீடு காலி என்று சொல்லிப் புதியவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டாய். ஒருநாள் இரவு பழையவர் தன் சாவியைக் கொண்டு கதவைத் திறந்து, தன் மூட்டை முடிச்சுகளை நடுக்கூடத்தில் இறக்கி வைத்தால் என்ன ஆகும்?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "செத்தவர் வரமாட்டாரே, சார்" என்றார். "செத்துவிட்டார் என்று உனக்கு யார் சொன்னது? பதில் போடவில்லை என்பது மட்டும்தானே தெரியும்?" என்றேன்.

இறந்த வட்டும் தாமதிக்கும் வட்டும்

கேபிளைப் பிடுங்கிய சோதனையின் குறை இங்கேதான் இருந்தது. பிடுங்கிய வட்டு இறந்த வட்டு. அது ஒருக்காலும் திரும்பி வந்து எதையும் எழுதாது. ஆனால் வாடிக்கையாளரின் அறையில் இருப்பது பெரும்பாலும் தாமதிக்கும் வட்டு. அது 40-ஆவது வினாடியில் விழித்துக்கொண்டு, தகவல் கிடைத்துவிட்டது என்று கொண்டுவரும். அதற்குள் அந்த நினைவகப் பகுதி வேறொரு நிரலின் கையில் இருக்கும். ஒருவருடைய கணக்கின் நடுவே வேறொரு கோப்பின் துண்டு போய் விழும். எச்சரிக்கை மணி அடிக்காது. பிழைச் செய்தி வராது. பல நாள் கழித்து யாரோ ஒருவர், 'இந்த எண் எப்படி இங்கே வந்தது?' என்று தலையைச் சொறிவார்.

இன்னொரு கேடும் உண்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் அடையாள எண் தருகின்றோம். கட்டளை முடிந்தால் அந்த எண் அடுத்த கட்டளைக்குப் போகும். மருத்துவமனையில் டோக்கன் தருவதைப் போல. ரத்தாகிவிட்டது என்று நாம் தவறாக நம்பிய கட்டளையின் எண்ணைப் புதிய 'எழுது' கட்டளைக்குக் கொடுத்துவிட்டால், பழைய கட்டளையின் தாமதமான 'முடிந்தது' என்ற பதில் புதியதன் பெயரில் வரவாகிவிடும். எழுதப்படாத ஒன்று எழுதப்பட்டதாகக் கணக்கு முடிந்துவிடும்.

வாதத்தால் மட்டும் முடிவு செய்யாமல் சோதித்துப் பார்ப்போம் என்றேன். ரத்துக் கோரிக்கைக்குப் பதில் தராமலும், வட்டின் பதிலை 40 வினாடி நிறுத்தி வைத்தும் அனுப்பும்படி சோதனைக்கென்று ஒரு தனி ஏற்பாடு செய்தோம். திரும்பப் பெற்ற நினைவகப் பகுதியை ஒரே எழுத்தால் நிரப்பி வைத்துக் காத்திருந்தோம். நேரம் ஆனது. ஒரே எழுத்தாக இருந்த பக்கத்தின் நடுவே வேறு எழுத்துகள் தோன்றின. அவற்றை முதலில் கண்டவர் அந்த இளைஞர்தான். "பழைய குடித்தனக்காரர் வந்துவிட்டார், சார்" என்றார்.

விரைவுக்கு நேர்மையான வழி

மாற்றம் வேண்டாம் என்று நிராகரிப்பது எளிது. ஆனால் வாடிக்கையாளரின் தொல்லை உண்மையானது. அதற்கும் தீர்வு வேண்டும். இருவரும் அமர்ந்து மறுபடி எழுதினோம். பதில் வராவிட்டால் இயக்கி இப்போது 'தோல்வி' என்றே சொல்கின்றது. விரைவுக்கு வேறு வழிகள் இருந்தன. மீட்பு வேலைக்கு மொத்தமாக இத்தனை வினாடிதான் என்று வரம்பு வைக்க லினக்ஸில் வசதி உண்டு. வரம்பு கடந்தால் இடைப்படிகளை விட்டுவிட்டு நேரே கண்ட்ரோலர் ரீசெட்டுக்குப் போய்விடும். கண்ட்ரோலரை முறையாக நிறுத்திய பிறகு அது எங்கும் எழுத முடியாது. அப்போது நினைவகத்தைத் திரும்பத் தருவதில் அச்சமில்லை. தகவலின் இன்னொரு பிரதி வேறு வட்டில் இருக்கும் இடங்களில், வட்டு தானாகப் படிக்க முயலும் நேரத்துக்கே 7 வினாடி என்று எல்லை வைக்கலாம். பல வட்டுகள் அதை ஏற்கின்றன. படிகளைத் தாண்டலாம், பொய் சொல்லக் கூடாது. இதுவே நாங்கள் வந்தடைந்த முடிவு.

'தோல்வியுற்றால் மீண்டும் அனுப்பிவிட்டால் போயிற்று' என்று சிலர் எண்ணலாம். அதிலும் கவனம் வேண்டும். வட்டில் எழுதுவது சிலேட்டில் குறிப்பிட்ட இடத்தில் எழுதுவது போன்றது. அதே இடத்தில் அதையே இரண்டு முறை எழுதினாலும் பெரும்பாலும் தீங்கில்லை. காந்த நாடாவில் எழுதுவது பேரேட்டில் அடுத்த வரியில் வரவு வைப்பது போன்றது. முதல் முறை எழுதப்பட்டதா என்று தெரியாமல் மறுபடி எழுதினால் ஒரே வரவு இரண்டு வரியாகிவிடும். இதனால்தான் லினக்ஸின் நாடா இயக்கி எழுதும் கட்டளையைத் தானாகத் திரும்ப அனுப்புவதில்லை.

எங்கும் இதே கதை

இது ஓர் இயக்கியின் சிக்கல் மட்டுமன்று. 2018-ஆம் ஆண்டு போஸ்ட்கிரெஸ் என்னும் புகழ்பெற்ற தரவுத்தள மென்பொருளை உருவாக்குவோர் திடுக்கிடும் உண்மை ஒன்றை எதிர்கொண்டனர். 'நான் எழுதியதை வட்டில் உறுதியாகச் சேர்த்துவிடு' என்று லினக்ஸிடம் கேட்கும்போது பிழை நேர்ந்தால், ஒருமுறை 'பிழை' என்று பதில் வரும். மறுபடி கேட்டால் 'வெற்றி' என்று வரக்கூடும். அந்த இடைவெளியில், எழுதப்படாத பக்கங்கள் 'சேர்க்கப்பட்டவை' என்று குறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது பதிலை நம்பியவர் தகவலை இழப்பார். இதன் பிறகு போஸ்ட்கிரெஸ் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. அத்தகைய பிழை வந்தால் மறுபடி கேட்காமல் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, தன் பதிவேட்டைப் படித்து மீண்டெழும். உறுதியாகத் தெரியாத நிலையில் தொடர்ந்து ஓடுவதைவிட, நின்று, தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவது மேல் என்பதே அவர்கள் எடுத்த முடிவு.

இதில் ஆர்வமுள்ள மாணவ நண்பர்களுக்கு ஒரு செய்தி. லினக்ஸில் 'ஸ்கசி டீபக்' என்று ஒரு போலி வட்டு இயக்கி இருக்கின்றது. உண்மையான வட்டு எதையும் தொடாமல், நினைவகத்திலேயே ஒரு வட்டைப் பாவனை செய்யும். கேட்டுக்கொண்டால் 4660-ஆம் பகுதியைப் படிக்கும்போது வேண்டுமென்றே பிழை தரும். கட்டளைகளுக்குப் பதில் சொல்லாமலும் இருக்கும். நம் ஆய்வகத்துக் கணிப்பொறியிலேயே ஒரு மாலைப்பொழுதில் இதை முயன்று பார்க்கலாம். பிழை வரும்போது நீங்கள் எழுதிய நிரல் என்ன செய்கின்றது என்று பாருங்கள். பாடநூல் சொல்லித் தராத பலவற்றை அது சொல்லித் தரும்.

நண்பர்களே! மதிப்பெண் பட்டியல், நிலப் பதிவு, மருத்துவக் குறிப்பு, ஓய்வூதியக் கணக்கு ஆகிய அனைத்தும் இன்று ஏதோ ஒரு வட்டில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு உரியவர்கள் இயக்கி என்ற சொல்லைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். நாம் எழுதும் நிரல் ஆயிரம் நாள் ஒழுங்காக ஓடும். ஆயிரத்தோராவது நாள் வட்டு மௌனமாகும்போது அது என்ன சொல்கின்றது என்பதை நம்பியே அவர்கள் இருக்கின்றார்கள். 'தெரியவில்லை' என்பதும் ஒரு நேர்மையான பதிலே. அதைச் சொல்ல நம் நிரல்களுக்குக் கற்றுக்கொடுப்போம். அதற்கு முன் நாமும் கற்றுக்கொள்வோம்.