நாங்கள் செய்த கிழங்குப் பீரங்கி

நாங்கள் பீரங்கி செய்தோம் என்றால் நீங்கள் நகைக்கக்கூடும். கோட்டையை இடிக்கும் பீரங்கியன்று. உருளைக்கிழங்கை எறியும் பீரங்கி. செராசில் அடுக்குமாடி வீடுகளில் வாழும் ஐந்தாம் ஆண்டு மாணவர் அறுவர் நாங்கள். அறிவியல் விழாவிற்கு ஏதேனும் ஒரு பொருளைச் செய்து காட்டவேண்டும் என்று ஆசிரியை பணித்திருந்தார். எரிமலையும் மின்மணியும் ஆண்டுதோறும் வந்து அலுத்துப்போனவை. ஆகவே, காது அதிரும்படி ஒன்று செய்வதென உறுதி பூண்டோம்.

கீழ்மாடியில் ஒரு வீட்டைப் புதுப்பித்தவர்கள் எஞ்சிய பிளாஸ்டிக் குழாய்களை மாடிப்படியின் கீழ் போட்டிருந்தனர். கேட்டோம், தந்தார்கள். மலாய் நண்பர்களின் கம்பங்களில் நோன்பு மாத இரவுகளில் முழங்கும் மூங்கில் பீரங்கியைப் பற்றி அறிந்திருந்தோம். மூங்கிலுக்குப் பதில் குழாய், அதனுள் கார்பைட், சிறிது நீர், பிறகு நெருப்பு. இவ்வளவுதான் எங்கள் திட்டம். கார்பைட் வாங்கப் பணமும் சேர்த்துவிட்டோம்.

எங்களுள் ஒருவனுடைய தாத்தா அந்தக் குழாயைக் கண்டார். அவர் எங்கள் அனைவருக்கும் தாத்தாவே. சினந்து பேசாதவர் அன்று குழாயைப் பறித்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்துவிட்டார். நெடுநேரம் பேசவில்லை.

பிறகு சொன்னார். 1968ஆம் ஆண்டு, காஜாங் பக்கத்துத் தோட்டமொன்றில், தீபாவளிக்கு முந்திய இரவு. பால்மரம் சீவச் செல்வோரின் நெற்றி விளக்குக்கென வைத்திருந்த கார்பைட்டில் ஒரு பிடியை எடுத்துச் சிறுவர்கள் மூங்கிலில் இட்டனர். கொள்ளி வைத்தும் வெடிக்கவில்லை. அணைந்துவிட்டதோ என்று ஒருவன் குனிந்து பார்த்தான். அந்நேரத்தில் கொள்ளி மறுபடியும் துளையருகே சென்றது.

தீபாவளிதோறும் தாத்தாவைக் காண வரும் அந்த நண்பரை நாங்கள் அறிவோம். சின்னத் தாத்தா என்றே அழைப்போம். அவருடைய இடக்கண் வெளுத்திருப்பது முதுமையால் என்றே எண்ணியிருந்தோம்.

“கொள்ளியைப் பிடித்திருந்தவன் நான்தான்,” என்றார் தாத்தா.

மறுநாள் ஆசிரியையிடம் நடந்ததைக் கூறினோம். அவர் கடிந்துகொள்வார் என்று அஞ்சினோம். அவரோ விளக்கம் கூறினார். கால்சியம் கார்பைட் நீரில் பட்டால் அசிட்டிலீன் என்னும் வாயு எழும். அது காற்றுடன் கலந்து, பொறி பட்டால் வெடிக்கும். பின்னர் எஞ்சும் சுண்ணாம்பும் கண்ணை அரிக்கும். 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தீபாவளியின்போது இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், போபால் முதலிய ஊர்களில், பிளாஸ்டிக் குழாயால் செய்த இத்தகைய துப்பாக்கிகளைத் தெருக்களில் விற்றார்களாம். நூற்றுக்கும் மேற்பட்டோர் கண்ணில் காயமுற்றனர். அவர்களுள் சிறுவர் பலர். சிலர் பார்வையை இழந்தனர். வெடிக்காத குழாயினுள் எட்டிப் பார்த்தவர்களும் அவர்களிடையே இருந்தார்கள் என்று கேட்டபோது, நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூங்கில் பிளந்தால் நாராகக் கிழியும். பிளாஸ்டிக் குழாயோ கூரிய சில்லுகளாகச் சிதறும். அச்சில்லுகள் எக்ஸ்ரே படத்தில் எளிதில் தெரிவதுமில்லையாம்.

பீரங்கி ஆசை அதனால் அடங்கிவிடவில்லை. உண்மையைச் சொல்வதில் வெட்கமென்ன? எங்கள் வாட்டத்தைக் கண்ட தாத்தா, நெருப்பில்லாத ஒரு வழியைக் காட்டினார். மெல்லிய மூங்கிலின் இரு முனைகளிலும் ஈரக் காகித உருண்டைகளை அடைத்து, ஒரு குச்சியால் பின்னுருண்டையைத் தள்ளினால் முன்னுருண்டை பட்டென்று பறக்கும். தோட்டத்துப் பிள்ளைகளின் பழைய விளையாட்டாம் அது. நாங்கள் ஒரு முழ நீளக் குழாயையும் உருளைக்கிழங்கையும் எடுத்துக்கொண்டோம். கிழங்கைத் தடித்த வில்லையாக நறுக்கி, குழாயின் முனையை அதில் அழுத்தினால் போதும். குழாயே தனக்கு வேண்டிய அடைப்பை வெட்டிக்கொள்ளும்.

முதல் நாள் ஒன்றும் பறக்கவில்லை. புதன்கிழமை கன்னாட் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைத்த வாடிய கிழங்குகள் அவை. ஈரமில்லாத கிழங்கு குழாயை இறுகப் பற்றாது, காற்று கசிந்துவிடும். புதுக்கிழங்கு வாங்கியதும் நிலைமை மாறிற்று. முதல் வில்லை சமையலறைச் சுவர்க்கடிகாரத்தைத் தாக்கியது. அதன்பின் வாசலுக்கு அனுப்பப்பட்டோம்.

குச்சி, குழாயைவிடச் சற்றுக் குட்டையாக இருக்கவேண்டும் என்பதே இதன் நுட்பம். அப்போது பின்வில்லை வெளியே வராமல் முனையருகே நின்றுவிடும். அடுத்த முறை அதுவே குண்டாகும். குச்சியின் பிடியில் துணியைச் சுற்றி அளவை நிறுத்தினோம். அடைபட்ட காற்றின் இடம் பாதியானால் அதன் அழுத்தம் இரு மடங்காகும்; 1662ஆம் ஆண்டில் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதி அது. பாடநூலில் படித்திருந்தால் மறந்திருப்போம். குச்சியைத் தள்ளும்போது உள்ளங்கையே அதைச் சொல்லிற்று.

விழாவன்று திடலில் பதினொரு மீட்டர் வரை கிழங்கு பறந்தது. முன்னே எவரும் நில்லாதவாறு கயிறு கட்டி, எய்வோர் கண்ணாடி அணியவேண்டும் என்று எழுதியும் வைத்தோம். தாத்தா, சின்னத் தாத்தாவையும் அழைத்து வந்திருந்தார். அவர் கண்ணாடியை அணிந்து, குச்சியைப் பற்றி, ஒரே தள்ளாகத் தள்ளினார். பட்டென்று ஒலி எழுந்தது.

“சத்தம் போதாதடா,” என்று அவர் சிரித்தார்.

தாத்தா சிரிக்கவில்லை. அடுத்த வில்லையை அவரே வெட்டி, நண்பரின் கையில் கொடுத்தார்.