ஒளியில் இறுகும் பசை

கம்பளையில் கண்டி வீதியோரம், மாடிப்படி ஏறினால் ஒற்றை அறையில் ஒரு ஸ்க்ரீன் அச்சகம். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகள் நெருங்கும் பருவத்தில் அங்கே டீசேர்ட் மலைபோலக் குவிந்துவிடும். அப்படியொரு மழைநாளில் போயிருந்தேன். ஜன்னலைத் துணியால் மறைத்திருந்தார்கள். மஞ்சள் பல்பு ஒன்றுதான் எரிந்தது.

அச்சகம் நடத்தும் அண்ணன் வெண்ணிறப் பசையில் அமோனியம் பைக்குரோமேட் கரைசலை விட்டுக் கலக்கினார். பசை மஞ்சளானது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலோன் வலையில் அதை ஒரே இழுப்பில் பூசி, மின்விசிறிக்கு முன் சாய்த்து வைத்தார்.

"மழை நாள்ல இதுதான் தம்பி பெரிய பாடு. சரியாக் காயாட்டி கழுவுறப்பவே உரிஞ்சு போயிரும். நாளைக்குப் பாப்போம்னு வைக்கவும் ஏலாது, இருட்டுலயே இறுகிரும்."

காய்ந்த வலையில் கறுப்பு எழுத்துத் தாளை ஒட்டவைத்து, கண்ணாடியைப் பாரமாக வைத்து, டியூப்லைட் பெட்டியின் மேல் கிடத்தினார். பிறகு தண்ணீர். ஒளி பட்ட பசை இறுகித் தங்க, எழுத்தின் மறைவில் இருந்தது கரைந்து ஓடியது. சட்டத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்: வள்ளுவர் இல்லம். 'வ'வின் சுழிக்குள் கடுகளவு பசை தனித் தீவாக நின்றது. ஒளி குறைந்தால் அந்தத் தீவு கழன்றுவிடும். கூடினால் மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்ளும். நேரத்தை அண்ணன் கடிகாரம் பார்க்காமலே கணித்தார்.

பைக்குரோமேட் வகை உப்பு தடவிய காகிதம் வெயிலில் மாறுவதை ஸ்கொட்லாந்தின் மங்கோ பொன்டன் 1839இல் கண்டறிந்தார். அதே வகை உப்பைச் சேர்த்த ஜெலட்டினில் 1968இல் ஷாங்கொஃப் என்ற ஆய்வாளர் ஹோலோகிராம் பதித்தார். இரண்டு லேசர் கற்றைகள் சந்திக்கும்போது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் மெல்லிய ஒளிக்கோடுகள் உண்டாகும். ஜெலட்டின் அந்தக் கோடுகளின்படி இறுகும். அப்படிப் பதிந்த மெல்லிய படலமே வில்லையாகவும் கண்ணாடியாகவும் ஒளியைத் திருப்பும். போர் விமானிகளின் முன்னுள்ள காட்சித் திரைகளுக்கு அது பயன்பட்டது. இன்றைய ஒளிப்பொலிமர் படலங்களுக்குக் கழுவும் வேலையே இல்லை. வெளிச்சம் விழும் கோடுகளை நோக்கிச் சிறு மூலக்கூறுகள் நகர்ந்து, அங்கேயே சங்கிலியாக இணைந்துவிடுகின்றன. ஜெர்மனியின் கொவெஸ்ட்ரோ நிறுவனம் அத்தகைய படலத்தைச் சுருள் சுருளாகத் தயாரிக்கிறது.

ஹோலோகிராம் பதியும்போது ஒளியலையின் ஒரு சிறு பங்களவு அசைந்தாலும் வேலை கெட்டுவிடும். நுவரெலியா பஸ் போகும்போதெல்லாம் அதிரும் இந்த அறையில் அது நடவாது. ஆனால் ஒளி பட்ட இடத்தில் குரோமியம் பசையை இறுக்கும் வேதியியல் இரண்டுக்கும் ஒன்றே. அந்தப் பொருளின் குணம் அண்ணனின் விரல்களுக்கு நன்றாகத் தெரியும்.

விரல்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். நகக்கண்ணில் பழுப்பேறி, மூட்டுகளில் தோல் வெடித்திருந்தது. பைக்குரோமேட்டில் இருப்பது புற்றுநோயை உண்டாக்கும் ஆறிணைதிறன் குரோமியம். கையுறை இல்லை, கழுவிய மஞ்சள் நீர் கானுக்குப் போகிறது. மகாவலி ஓடும் ஊர் இது. குரோமியம் இல்லாத டையசோ பசை சந்தையில் இருக்கிறது. அதைப் பூசிய வலையை இருட்டில் வாரக்கணக்கில் வைத்திருக்கவும் முடியும். "விலை கூட, தம்பி. டீசேர்ட்டுக்கு அஞ்சு ரூபா கூட்டுனா வேற கடைக்குப் போயிருவாங்க" என்றார்.

டீசேர்ட்டுக்கு ஓடர் கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: டையசோ பசையில் அடித்துத் தரச் சொல்லுங்கள், அந்த ஐந்து ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.