கழிமுகத்தின் ஓராண்டு: கடலூர், சிதம்பரம் பகுதிக் குறிப்புகள்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் தெற்கில் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே இருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. 2022-இல் இது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 1,478.64 ஹெக்டேர். இங்கே பருவத்தைச் சொல்வதில் வெயிலைவிட நீரின் உப்புக்கே பங்கு அதிகம். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும். கோடையில் கடல்நீர் உள்ளேறி உப்புக் கூடும். செடிகளும் உயிரினங்களும் இந்த மாற்றத்துக்கு இசைந்தே வாழ்கின்றன. அதனால் இப்பகுதியின் நாட்குறிப்பைச் சித்திரையில் தொடங்குவதைவிட, மழை தொடங்கும் ஐப்பசியில் தொடங்குவதே பொருந்தும்.

ஐப்பசி: வேலிகளும் செம்மண் புதர்களும்

முதல் மழைகளுக்குப் பின் செங்காந்தள் வேலிகளில் ஏறுகிறது. கோடை முழுவதும் மண்ணுக்குள் கிழங்காக ஒடுங்கிக் கிடந்த கொடி இது. இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக மாறி, பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பூவுக்கும் அலைவிளிம்புள்ள ஆறு இதழ்கள். அவை மேல்நோக்கி மடங்கி நிற்கும். புதிதாக விரிந்த பூவில் அடிப்பாகம் மஞ்சளாகவும் மேல்பாகம் சிவப்பாகவும் இருக்கும். நாள் ஆக ஆகப் பூ முழுவதும் சிவக்கும். ஆகவே ஒரு பூ புதியதா பழையதா என்பதை நிறத்தைக் கொண்டே குறித்துவிடலாம். தமிழ்நாட்டின் மாநில மலரான இந்தச் செடியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின் உயிரையே பறிக்கக்கூடியது. கண்ணால் பார்த்துக் குறிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மார்கழி, தை: பிச்சாவரம், வற்ற நேரம்

வலசைப் பறவைகளைப் பார்க்க இதுவே நல்ல காலம். ஓதம் வற்றும்போது சேற்றுத்திட்டுகள் வெளிப்படும். அங்கே உள்ளான் வகைகள் இரை தேடி இறங்கும். சிவந்த கால்களைக் கொண்டு பவளக்காலியையும், கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகைக் கொண்டு கோட்டானையும் தொலைவிலிருந்தே பிரித்தறியலாம். வாய்க்கால்மேல் தாழும் கிளைகளில் கருந்தலை மீன்கொத்தி அமர்ந்திருக்கும். கரிய தலை, வெள்ளைக் கழுத்து, ஆழ்ந்த நீல முதுகு, சிவந்த அலகு ஆகியவை அதன் அடையாளங்கள். உயரே வட்டமிடும் செம்பருந்தும் கரையோரக் கொக்குகளும் ஆண்டு முழுவதும் காணக்கிடைப்பவை.

இந்தப் பயணத்துக்கு விசைப்படகைவிடத் துடுப்புப் படகே உகந்தது. விடியற்காலை, குறுகிய வாய்க்கால், குறைந்த பேச்சு என்று சென்றால் நீர்நாயையும் காண வாய்ப்புண்டு. இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர் மக்களுக்கு இந்த நீர்வழிகளும் ஓதத்தின் நேரமும் நன்றாகத் தெரியும். அவர்களிடம் கேட்டறிவதும் குறிப்பில் சேர வேண்டியதே.

பங்குனி: கடலூர் முதல் பரங்கிப்பேட்டை வரை, மணற்கரை

பங்குனி ஆமை என்ற பெயரே அதன் காலத்தைச் சொல்லிவிடுகிறது. தை தொடங்கிப் பங்குனி வரை இந்த ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, ஒரு முறைக்குச் சுமார் 100 முட்டைகள் இடும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் வெப்பம்; சூடு கூடினால் பெண் குஞ்சுகள் மிகுதியாகும். வெளியே வந்த குஞ்சு வெளிச்சமான திசையை நோக்கி நகரும். இயற்கையான கரையில் அது கடலின் பக்கம். கரையில் விளக்கு எரிந்தால் குஞ்சு ஊர்ப்பக்கம் திரும்பி மாண்டுபோகும். எனவே ஆமை பார்க்கச் செல்வோர் டார்ச்சையும் ஃபிளாஷையும் தவிர்ப்பது மிக அவசியம்.

அதே மணலில் காலையில் அடும்பு பூத்திருக்கும். செந்நீலப் புனல்வடிவப் பூ வெயில் ஏறியதும் வாடிவிடும். கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைக் கட்டிப்போடுகிறது. இராவணன் மீசைப் புல்லும் தாழையும் அதற்குத் துணை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் அடும்பும் தாழையும் தில்லையும் உண்டு. மூன்றையும் இந்த ஒரே மாவட்டத்தில் காணலாம்.

வைகாசி: உப்பு உச்சம்

வெண்கண்டலின் இலையை இப்போது உற்றுப் பார்த்தால் மேலே உப்புப் படிகம் மின்னும். வேர் உறிஞ்சிய நீரோடு வந்த உப்பை இலைச் சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். காற்றில்லாச் சேற்றுக்குள் உள்ள வேர்களுக்கு உயிர்வளி செல்வது இவற்றின் வழியாகத்தான். அவற்றுக்கிடையே பிடில் நண்டின் ஆண் தன் பெரிய ஒற்றைக் கொடுக்கை ஆட்டிப் பெட்டையை அழைக்கும்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரமும் இந்தக் காட்டில் நிற்கிறது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. உதிரும் முன் இலைகள் சிவக்கும். கிளை ஒடிந்தால் வடியும் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும்.

ஆடி, ஆவணி: சுரபுன்னையும் ஏரிகளும்

சுரபுன்னையில் இரு இனங்கள் உண்டு. நீண்ட காம்பில் பல பூக்கள் தொங்கி, இதழ்களில் மயிர் இருந்தால் ஒன்று. குட்டைத் தடித்த காம்பில் இரண்டே பூக்கள், வழவழப்பான இதழ்கள் என்றால் மற்றொன்று. இரண்டும் இயற்கையாகக் கலந்து உண்டான கலப்பினத்துக்கு, அருகிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் ரைசோபோரா அண்ணாமலையானா என்று பெயரிடப்பட்டுள்ளது. சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட முளைத்தண்டாகத் தொங்கிப் பிறகு சேற்றில் விழும்.

மேட்டூர் நீர் கீழணை வழியாக வடவாற்றில் வந்து வீராணம் ஏரியை நிரப்பும்போது, நன்னீர்ப் பறவைகள் பார்க்கும் காலம் பிறக்கிறது. நீலத்தாழைக்கோழி, இலைக்கோழி, நத்தைகுத்தி நாரை ஆகியவற்றை ஏரிக்கரையிலிருந்தே குறிக்கலாம். பழைய கொள்ளிடத்தை ஒட்டிய கரைகளில் முதலைகள் உண்டு; அங்கே நீர்விளிம்புக்கு இறங்கக் கூடாது.

குறிப்பெடுக்கும் முறை

தேதி, இடம், நேரம், ஏற்றமா வற்றமா, கண்ட உயிரினம், எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல் ஆகிய ஏழும் ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டும். பூவென்றால் மொட்டு, மலர்ச்சி, காய் என்ற நிலையையும் சேர்க்கலாம். காணாததையும் எழுதுவது அவசியம். சென்ற ஆண்டு நின்ற பறவை இந்த ஆண்டு வரவில்லை என்பதும் செய்தியே.

இத்தகைய கவனிப்பின் பயனுக்குப் பிச்சாவரமே சான்று. முன்பு கூப்பு முறையில் மரங்களை மொட்டையடித்ததால் திறந்த மண் காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்றி உப்பு ஏறியது. உமரி தவிர வேறெதுவும் முளைக்கவில்லை. காரணம் நீரோட்டம் நின்றதுதான் என்று புரிந்த பிறகு, 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கன்று நட்டனர். ஓதம் மீண்டும் உள்ளே வந்து போனது, காடு தழைத்தது. உப்பையும் ஓதத்தையும் மரத்தோடு சேர்த்துப் பார்த்ததால் கிடைத்த தீர்வு அது. நடைபயணி எழுதும் குறிப்பிலும் இவை மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும்.