அட்வான்ஸ்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

நேற்று ஆடிப்பெருக்கு. சிவகாசியில் என்ன காவிரியா ஓடுகிறது? இங்கே ஆடி பதினெட்டு என்றால், அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடும் நாள். இனி மார்கழி வரை, அச்சகத்தில் பிழை திருத்துகிறவனுக்குப் பொழுது அவன் கையில் இல்லை. இன்று ஆமத்தூர் வழியாக வந்த பஸ் விருதுநகரில் இறக்கிவிட்டபோது மணி ஒன்பது நாற்பது. ஜிம்மின் ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தால் துடைப்பம் போய்வருவது மட்டும் தெரிந்தது. ஜனவரியில் நான் கையெழுத்துப் போட்ட படிவத்தில் ‘காலை 5 முதல் இரவு 11 வரை’ என்று இருக்கிறது. ஜூனிலிருந்து ஒன்பதரைக்கே மூடுகிறார்கள். கேட்டால், “கரண்ட் பில்லு தாங்கல சார்.”

எதிர்த்த கடையில் எண்ணெய்ச் சட்டியில் புரோட்டா பொரிந்துகொண்டிருந்தது. அது இவ்வளவு சீக்கிரம் மூடுவதில்லை. இரண்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பீரோவிலிருந்து படிவத்தை எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு 24,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து. மாதாமாதம் கட்டினால் 1,500. இரண்டு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மாதம் ஆயிரம்தான் என்று ஜிம் பையன் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டியது நினைவிருக்கிறது. பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் பதினோரு நிபந்தனைகள். ஏழாவது: ‘செலுத்திய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தறப்பட மாட்டாது.’ வல்லின றகரம்! நாள் முழுக்க அடுத்தவன் பிழையைத் திருத்துகிறவன், தன் காசைக் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜிம்முக்குப் போன நாட்களில் டைரி ஓரத்தில் ‘ஜி’ போட்டு வைப்பேன். எண்ணினேன். ஏழு மாதத்தில் 31. அதில் 14 ஜனவரியில். ஒரு தடவைக்கு 225 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் தெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளாதாரப் பேராசிரியர்கள் மூன்று ஜிம்களின் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை எடுத்துப் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு நாலு தடவைதான் போயிருக்கிறார்கள். தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்திருக்கிறது. பத்து டாலர் கணக்கில் சீட்டு வாங்கியே போயிருக்கலாம். நான் மாதம் நாலரைத் தடவை. அமெரிக்கர்களைவிட ஒரு நூல் மேல்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மச்சினன் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல். படிவத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். காலையிலேயே போன்.

“அத்தான், எக்காரணம் கொண்டும்னு எழுதிட்டா அது வேதவாக்கு இல்ல. 2019 நுகர்வோர் சட்டத்துல நியாயமற்ற ஒப்பந்தம்னு தனியாவே சொல்லியிருக்கு. நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அபராதம் போட்டாலும் அதுல வரும். ஆனா அந்தப் பாயிண்டை வச்சா ஜில்லா ஆணையத்துல எடுக்க முடியாது. மாநில ஆணையம், அதாவது மதுரைக் கிளைக்குப் போகணும். அது வேண்டாம். நேரத்தைக் குறைச்சான்ல, அதைப் பிடிங்க. சேவைக் குறைபாடு. இங்க ஸ்ரீவில்லிபுத்தூர்லயே நிக்கும். அஞ்சு லட்சத்துக்குள்ள ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷம் டைம் இருக்கு.”

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவையும் சொன்னான். ஒப்பந்தத்தை முறித்தால் இவ்வளவு என்று தாளில் என்ன தொகை போட்டிருந்தாலும், அந்த வரம்புக்குள் நியாயமான ஈடுதான் கிடைக்குமாம். இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரி, பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கிற வசதி ஜிம்முக்கு உண்டா என்று கேட்டேன். நம் சட்டத்தில் இல்லையாம்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று ஒரு சங்கடம். எங்கள் அச்சக ஆர்டர் படிவம் புதிதாக அடிக்க வந்தது. கடைசி வரி: ‘ஆர்டரை ரத்து செய்தால் முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது.’ நானே படித்து, சரி என்று டிக் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் டீ இறங்கவில்லை.

அச்சக முதலாளி அண்ணாச்சியிடம் ஜாடையாகக் கேட்டேன். சிரித்தார். “கோவில்பட்டி பாத்திரக் கடைக்காரர் ரத்து பண்ணாரே, மறந்துட்டியா? பிளேட் போடலன்னு முழுசாக் குடுத்துட்டேன். அட்டையில கடை பேரு ஏறிட்டா நான் யாருகிட்டய்யா விக்கிறது?”

அதுதானே வித்தியாசம். கடை பேர் அச்சான ஐந்நூறு அட்டையை எடைக்குத்தான் போட வேண்டும். டிரெட்மில்லில் என் பேர் அச்சடித்திருக்கவில்லை. நான் இறங்கிய நிமிஷம் அதில் அடுத்தவர் ஏறலாம். சலுகையை எண்ணி இரண்டு வருஷம் என்று சொன்னவன் பாதியில் போனால் அந்தச் சலுகையை இழக்கட்டும், அது நியாயம். போகாத மாதத்தின் காசையும் இழக்க வேண்டும் என்பதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கடிதம் எழுதிவிட்டேன். நாளைக்கு ஸ்பீடு போஸ்ட். இரவு 11 மணி என்ற வாக்கு ஜூனிலிருந்து காப்பாற்றப்படவில்லை. நான் சேர்ந்திருந்த எட்டு மாதத்தை மாதச் சந்தா விகிதத்திலேயே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: 1,500 வீதம் 12,000. மீதி 12,000 ரூபாயை 15 நாளில் தரவும். ரசீது நகலும், மூடும் நேரம் ஒட்டியிருந்த நோட்டீஸின் படமும் உள்ளே. கோபமாக ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன்.

பைண்டிங் பிரிவுத் தம்பி ஒருவன் இதே மாதிரி வேறொரு ஜிம்மில் சேர்ந்து, பணத்தை ஃபைனான்ஸில் மாதத் தவணையாகப் போட்டிருக்கிறான். “நான் தவணையை நிறுத்திட்டேண்ணே, சோலி முடிஞ்சது” என்றான். முடியவில்லை. ஜிம்மின் காசு ஜிம்முக்கு அன்றைக்கே போய்விட்டது. இவன் கடன்காரன் இப்போது ஃபைனான்ஸ் கம்பெனிக்கு. நிறுத்தினால் சிபில் அடிவாங்கும். முதலில் ஜிம்மிடம் எழுத்தில் ரத்து வாங்கு, அதை ஃபைனான்ஸுக்கு அனுப்பு, அப்புறம் நிறுத்து என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஜிம் பையன் போன் செய்தான். “பணமாத் தர முடியாது சார். வேற ஆளுக்கு மாத்தி விடுங்க, மாத்துறதுக்கு 2,000.” நம்மூர்ச் சீட்டில்கூட பாதியில் நிற்கிறவனுக்குப் பதிலாக ஆள் சேர்த்துவிடுவது உண்டு. ஆனால் தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, அச்சகமும் பட்டாசுக் கடையுமாக ஓடுகிற ஊரில், ஓடாத மெஷினில் ஓட யாரைப் பிடிப்பது?

மாலையில் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில் வேலை. விடியுமுன் வேன் வந்து கூட்டிப்போகும். எவ்வளவு தேய்த்தாலும் அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் வெள்ளி மாதிரி நிற்கிறது. என் கதையைக் கேட்டுவிட்டு அந்த விரல்களால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

“நாங்க வாங்குன காசுக்கு மாட்டிக்கிட்டு முழிக்கிறோம். குடுத்த காசுக்கு மாட்டிக்கிட்டவரை இப்பத்தான் தம்பி பாக்கேன்.”

அக்கா இருபதாயிரம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். அது அடையும் வரை வேறு ஆபீஸுக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் புது ஆபீஸ்காரர் பழைய அட்வான்ஸை அடைத்துக் கூட்டிப்போக வேண்டும். அப்போது கடன் இடம் மாறும், தீராது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, ஆலைகள் மாசக்கணக்கில் மூடிக்கிடந்தபோதும் அட்வான்ஸ் மூடிக்கொள்ளவில்லை என்றார். கடனுக்காக ஆளைக் கட்டிவைப்பதை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்தது. இதைச் சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. எனக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணாவது இருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

1915-ல் புகார் பதிந்தாயிற்று. டாக்கெட் நம்பர் குறுஞ்செய்தியில் வந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

இன்றிலிருந்து ஜிம்முக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதம். நான் முன்கூட்டியே கட்டிவிட்டதால் எனக்குப் பழைய விகிதம்தான். சட்டப்படி அது சரியும்கூட. மொத்தமாகக் கட்டுகிறவனுக்கு லாபம் என்று கால்குலேட்டரைக் காட்டியபோது இதை யார் கண்டார்கள்?

லண்டன் உயர் நீதிமன்றம் 2011-ல், ஆஷ்போர்ன் என்ற சந்தா வசூல் நிறுவனத்தின் வழக்கில், ஒரு வருஷத்துக்கு மேல் கட்டிப்போடுகிற ஜிம் ஒப்பந்தங்கள் சில நியாயமற்றவை என்று தீர்ப்பளித்திருக்கிறது. சேருகிறவர்கள் தாங்கள் எவ்வளவு தடவை வருவோம் என்பதைக் கூட்டியே நினைக்கிறார்கள், அது ஜிம்காரர்களுக்கு நன்றாகவே தெரியும் என்பதும் அதற்குக் காரணம். என் ஜனவரி மாதத்து 14 ‘ஜி’க்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ!

அக்டோபர் 5, ஞாயிறு

ஓனரே கூப்பிட்டார். நேரில் போனேன். அவர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது: வாடகை, மெஷின் கடன், ஜனவரியில் வந்து மார்ச்சில் காணாமல் போகிற என்னைப் போன்ற ஆட்களின் காசில்தான் தினமும் வருகிறவனின் கட்டணம் குறைவாக நிற்கிறது என்றார். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. பன்னிரண்டு, எட்டு என்று இழுபறியாகி, பத்தாயிரத்தில் நின்றது. இரண்டு தவணை. ‘உறுப்பினர் சந்தா ரத்து, இனி பாக்கி ஏதும் இல்லை’ என்று எழுதிக் கேட்டேன், முத்திரையோடு கொடுத்தார். வாசித்துப் பார்த்தேன். ஒரு ஒற்று விட்டிருந்தது. பேனாவை எடுத்து, திரும்பப் பையில் வைத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இரண்டாவது ஐயாயிரமும் வந்துவிட்டது. இப்போது காலையில் மாவட்ட விளையாட்டரங்கம் வரை நடை. வாரத்துக்கு மூன்று நாள், சில வாரம் இரண்டு.

அக்கா ஆபீஸ் மாறிவிட்டார். புதியவர்கள் பழைய பாக்கியை அடைத்து, கையில் பத்தாயிரம் கொடுத்திருக்கிறார்கள். பூஜை போட்டதும் வேலை தொடங்கும். என்ன எழுதி வாங்கினார்கள் என்று கேட்டேன்.

“ஒரு நோட்டுல கையெழுத்து தம்பி.”

“நோட்டுல என்ன எழுதியிருந்துச்சு? நகல் குடுத்தாங்களா?”

“மேல எம் பேரு இருந்துச்சு. கீழ கையெழுத்துப் போட்டேன்.”

அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கும் வாசனை வர, எழுந்து உள்ளே போனார்.