செவலையின் பகல் பொழுது

செப்டம்பர் 22, 2025, திங்கள்

இந்த வாரம் முதல் ஷிப்ட். விடிவதற்கு முன்பே ஜி.எஸ்.டி. சாலையில் கம்பெனி பஸ் ஏறி, ஆறு மணிக்கு ஒரகடத்தில் லைனில் நிற்க வேண்டும். இன்று ஓ.டி.யும் சேர்ந்துகொண்டதால், மறைமலை நகரில் வந்து இறங்கும்போது இருட்டிவிட்டது. வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

"நீ போன கொஞ்ச நேரத்துல ஊளையிட ஆரம்பிச்சுடுதுப்பா. அப்புறம் கதவப் பிறாண்டுது. எனக்கே மனசு கேக்கல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கதவின் அடியில் பெயின்ட் உரிந்து மரம் தெரிகிறது. வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருந்தது. என்னைப் பார்த்த பிறகுதான் என் நாய் செவலை அதில் வாய் வைத்தாள்.

செப்டம்பர் 24, புதன்

செவலை ஊளையிடுவதைக் கேன்டீனில் சொன்னேன். "பின்னாடி கட்டிப் போட்டுட்டு வா தம்பி, ரெண்டு நாள்ல பழகிடும்" என்றார் ஒரு அண்ணன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். என்னால் முடியாது என்றேன்.

நாயைக் கட்டியே போடுவதைப் பற்றிச் சட்டமே பேசுகிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது 1960இல். அதன் 11ஆம் பிரிவு அடிப்பதையும் பட்டினி போடுவதையும் மட்டும் குற்றமாகச் சொல்லவில்லை. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பதும் வளர்ப்பவர் செய்யும் குற்றம்; நாய் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்கு வழி திறந்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். 1953இல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பிறகு 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவர்தான் முதல் தலைவர். நாய்க்குச் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைக்கிற நம் ஊரில், அதற்கு நடையும் வேண்டும் என்று சட்டத்தில் எழுத வைத்தவர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

எதிர்வீட்டு அண்ணனிடம் கேட்டுவிட்டேன். ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தும்வரை அங்கே வேலை பார்த்தவர். இப்போது ஷேர் ஆட்டோ. மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவார். வரும்போது கதவைத் திறந்து, செவலையைப் புங்கமரம் வரை நடத்திக் கூட்டிவந்து, தண்ணீர் மாற்றி வைத்தால் போதும் என்றேன். பணம் பற்றிப் பேச்செடுத்ததும் கையை ஆட்டித் தடுத்துவிட்டார்.

"அதெல்லாம் வேணாம். ஊசி போட்டிருக்கான்னு மட்டும் சொல்லு. என் பொண்ணும் கூட வருவா."

கேட்க வேண்டிய கேள்வி. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். வருடாந்திர ஊசிக்கு நாள் வந்திருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

உலக வெறிநோய் தினம். வெறிநோய்த் தடுப்பூசியை உருவாக்கிய லூயி பாஸ்டர் 1895இல் மறைந்த நாள் இது. நம் குன்னூரில் அவர் பெயரிலான நிறுவனம் 1907 முதல் இருக்கிறது. நோயின் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் மனிதருக்கும் சரி, நாய்க்கும் சரி, அநேகமாகப் பிழைப்பு இல்லை. ஊசி ஒன்றுதான் காவல். தடுப்பூசி முகாமில் செவலைக்குப் போட்டு, அட்டையில் தேதி எழுதி வாங்கி, அண்ணனிடம் காட்டினேன்.

ஊளையைப் பற்றி டாக்டரிடமும் கேட்டேன். கிளம்பும்போது கொஞ்ச வேண்டாம், வந்ததும் அமர்க்களம் வேண்டாம் என்றார். காலையில் வேகமாக இழுத்துக்கொண்டு நடப்பதைவிட, நின்று நின்று மோப்பம் பிடிக்க விட்டால் நாய் நன்றாகக் களைத்துத் தூங்கும் என்றார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. மெஷினுக்குச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி பொட்டலத்தோடு சீக்கிரமே வந்துவிட்டேன். ஐ.டி. கார்டை மாட்டினாலே செவலைக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அதனால் மாலையில் கார்டும் ஷூவும் போட்டுக்கொண்டு எங்கேயும் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். முதலில் வாசலுக்கும் எனக்குமாக நடந்தாள். பிறகு என் பழைய லுங்கி மேல் படுத்துக்கொண்டாள். தினமும் செய்ய வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

மதிய நடை நன்றாகப் போகிறது. ஊளை குறைந்துவிட்டது என்கிறார் வீட்டுக்கார அம்மா. ஆனால் வாரா வாரம் ஷிப்ட் மாறும்போது செவலையின் சாப்பாடு, நடை, தூக்கம் எல்லாமே கலைகிறது. எங்கள் லைனில் ஒருவருக்குக் கைக்குழந்தை. இரவில் வீட்டில் இருந்தாக வேண்டும். எனக்கோ நைட் ஷிப்ட் என்றால், ஊர் அடங்கித் தூங்கும் நேரத்தில் அவளும் தூங்குவாள். பகலில் நான் தூங்கும்போது பக்கத்தில் கிடப்பாள். என் உடம்புக்கு அது நல்லதல்ல என்று தெரியும். மூன்று மாதத்துக்கு மட்டும் ஷிப்டை மாற்றிக்கொள்வதாக இருவரும் பேசி முடித்து, சூப்பர்வைசரிடம் கொடுக்க ஒரே கடிதமாக எழுதி வைத்திருக்கிறோம்.