தள்ளுபடியும் தள்ளுமுள்ளும்

"தள்ளுபடி" என்னும் சொல்லை முதன்முதலில் கடை வாசலில் எழுதி வைத்த மனிதர் யாரோ, அவர் பெரிய தீர்க்கதரிசியாக இருந்திருக்க வேண்டும். பண்டிகைக் காலத்தில் ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைய விரும்புகிறவர் முதலில் முன்னால் நிற்பவரைத் தள்ள வேண்டும். பிறகு படியேற வேண்டும். விலையில் ஏதாவது குறைந்திருக்கிறதா என்பது, அதற்கப்புறம் நாலாவது மாடியில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய சமாசாரம்.

எந்த இடத்தைச் சொல்கிறேன் என்று சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன்: மாம்பலம் ரயில் நிலையத்தை அடுத்து ஒரு சிறு தெரு இருக்கிறது, ரங்கநாதன் தெரு என்று பெயர். அது அமைந்திருக்கும் தியாகராய நகரம், 1920-களில் ஜனங்கள் குடியிருப்பதற்கென்று திட்டம் போட்டு உண்டாக்கிய பகுதி. இன்றோ, தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையில் அந்தத் தெருவுக்குள் காற்று நுழைவதற்கும் சிபாரிசு வேண்டும். போலீஸார் உயரமாகக் கோபுரம் அமைத்து மேலே நின்று பார்க்கிறார்கள். நகையையும் குழந்தையையும் பத்திரமாய்ப் பார்த்துக்கொள்ளும்படி ஒலிபெருக்கியில் ஓயாமல் எச்சரிக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டில் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு ஜனங்கள் தெருவில் இறங்காமலே போகும்படி ஆகாய நடைபாதை ஒன்றும் திறந்தார்கள். அப்படியும் கீழே கூட்டத்துக்குக் குறைவில்லை.

இவ்வளவு அவஸ்தைக்கும் அது பெறுமா என்பதுதான் கேள்வி. நான் இருபது வருஷமாகக் கணக்குப் போதிக்கும் உபாத்தியாயன். ஆகையால் கரும்பலகையிலேயே ஆரம்பிக்கிறேன்.

"50 சதவிகிதத்துக்கு மேல் இன்னும் 20 சதவிகிதம் தள்ளுபடி" என்று விளம்பரம் செய்கிறார்கள். படித்தவர்களும் இதை 70 என்று கூட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். ஆயிரம் ரூபாய்ச் சேலை முதல் தள்ளுபடியில் 500 ஆகிறது. அந்த 500-இல் 20 சதவிகிதம் 100. ஆக, கொடுக்க வேண்டியது 400. தள்ளியது 60 சதவிகிதமே. "மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது 25 சதவிகிதத் தள்ளுபடிதான். ஆனால் ஒரு சட்டை வேண்டியவர் மூன்று சட்டைக்குப் பணம் கொடுத்தால்தான் அந்த லாபத்தை அநுபவிக்க முடியும். கடைசியாக ஒன்று. ஆயிரம் ரூபாய்ப் பண்டத்துக்கு 1,400 என்று சீட்டு ஒட்டி, அதில் 30 சதவிகிதம் தள்ளினால் விலை 980. மிச்சம் இருபது ரூபாய். ரயில் கட்டணத்துக்கும் வழியில் குடித்த காப்பிக்கும் அது காணாது.

இதைக் கேட்ட என் மனைவி, "உங்கள் கணக்கில் கூட்டல் இருக்கிறது, கூட்டம் இல்லையே!" என்றாள். "எல்லாரும் ஏமாளிகள் என்றா சொல்கிறீர்கள்?"

எல்லாத் தள்ளுபடியும் பொய் என்று நான் சொல்லவில்லை. விற்கிறவனுக்கு விலையைக் குறைக்க ஒரு காரணம் இருக்கிறதா என்று பார்த்தால் பாதி உண்மை விளங்கிவிடும். ஆடி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் ஆடியில் கல்யாணம் செய்வதில்லை. முகூர்த்தம் இல்லையானால் முகூர்த்தப் புடவைக்கும் வேலை இல்லை. அலமாரியில் தங்கிய சரக்கை விற்றால்தான் தீபாவளிச் சரக்கை இறக்கலாம். ஆகவே, ஆடித் தள்ளுபடிக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. தீபாவளிக்கு முந்தின வாரத்திலோ, அழைக்காமலே ஜனங்கள் வந்து குவிகிறார்கள். அப்போது விலையைக் குறைக்க எந்த வியாபாரிக்கு என்ன அவசியம்?

கைத்தறியும் கதரும் வேறு வகை. 1935-இல் தோன்றிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளியை முன்னிட்டு 30 சதவிகிதம் தள்ளுபடி தருகிறது. காந்தி ஜயந்தியை ஒட்டிக் கதர்க் கடைகளிலும் தள்ளுபடி தொடங்குகிறது. இவை ஒரு நாள் கூத்தல்ல. வாரக் கணக்கில் நீடிப்பவை. சாவகாசமாகப் போகலாம், துணியைத் தடவிப் பார்க்கலாம், அது ஏதோ ஓர் ஊரில் ஒரு நெசவாளி குடும்பம் அடுப்பு மூட்ட உதவுகிறது என்ற திருப்தியோடு திரும்பலாம்.

அப்படியானால் ஜனங்கள் ஏன் ஆடியிலும் புரட்டாசியிலும் போகாமல், கடைசி வாரத்தில் போய் நசுங்குகிறார்கள்? பேராசை என்கிறார் ஒரு நண்பர். பைத்தியம் என்கிறார் இன்னொருவர். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. போனஸ் பற்றிய சட்டம், அதற்கு உட்பட்ட தொழிலாளிக்குக் கணக்கில் கொள்ளும் வருஷச் சம்பளத்தில் குறைந்த பட்சம் 8.33 சதவிகிதம் தரவேண்டும் என்கிறது. இந்த விசித்திரமான எண் வேறொன்றுமில்லை. பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். அது பெரும்பாலும் தீபாவளிக்குச் சில நாள் முன்னர்தான் கையில் வருகிறது. வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்கு எந்தச் சட்டமும் இல்லாமல் யாராவது மனமிரங்கிக் கொடுத்தால் அதுவும் அந்த வாரத்தில்தான். பணம் வருகிற தேதியில் அல்லவா கடைக்குப் போக முடியும்? கூட்டத்தைச் சேர்ப்பது ஆசையைவிடப் பஞ்சாங்கமும் சம்பளத் தேதியுந்தான்.

இன்னொன்றையும் நான் கவனித்திருக்கிறேன். ஆள் இல்லாத சிறிய கடைக்குள் பழைய செருப்புடன் ஓர் ஏழை நுழைந்தால் முதலாளி அவரைத் தலையிலிருந்து கால் வரை அளந்துவிடுகிறார். கூட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே எவருடைய மடியின் கனத்தையும் எவரும் கேட்பதில்லை. பத்துச் சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பதினோராவதை வாங்காமல் போனாலும் அவமானமில்லை. ஒரே மாலையில், ஒரே கட்டடத்தில், பாட்டி முதல் பேரன் வரையில் எல்லாருக்கும் துணி எடுத்துவிடலாம். இவர்களுக்கு அந்தத் தெரு பெறும், நசுங்கினாலும் பெறும். இதைப் பரிகாசம் செய்ய நமக்கு உரிமையில்லை.

மாதச் சம்பளமும் விடுமுறையும் உள்ள என் போன்றவர்களின் விஷயம் வேறு. நாங்கள் எந்த வாரத்திலும் போகலாம். அப்படியிருந்தும் அதே ஞாயிற்றுக்கிழமையில் போய் நிற்கிறோமே, அதற்கு என்ன சமாதானம்?

இந்தக் கேள்வி வெறும் சௌகரியத்தைப் பற்றியதல்ல. மேஜைக்கு அப்பால் நிற்கும் பெண்ணைப் பாருங்கள். தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் இந்தக் கடைகளில் அநேகர். அவர்களுடைய வாழ்க்கையை 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' என்னும் திரைப்படம் ஊரறியச் செய்தது. போன வருஷம் அப்படி ஒரு பெண்ணிடம் என் மனைவி, "உட்கார ஒரு முக்காலிகூடத் தரவில்லையா, அம்மா?" என்று கேட்டாள். "இருக்கு அக்கா, அந்தா கிடக்கு" என்று அந்தப் பெண் மூலையைக் காட்டினாள். அதன்மேல் வேஷ்டிக் கட்டுகள் அடுக்கியிருந்தன.

கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்து தரவேண்டும் என்று கேரளத்தில் 2018-இலும், தமிழ்நாட்டில் 2021-இலும் சட்டம் திருத்தினார்கள். மிகவும் நல்ல காரியம். வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் வாய்க்கும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ள ஆசனம் இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆசனத்தைச் சட்டம் கொடுத்துவிட்டது. சந்தர்ப்பத்தைக் கொடுக்க வேண்டியவர் யார்? முதலாளி பாதி, மறு பாதி நாம். அவசியமில்லாமல் அந்த வாரத்தில் போய் நிற்கும் ஒவ்வொருவரும் அந்த முக்காலியின்மேல் இன்னும் ஒரு வேஷ்டிக் கட்டை வைக்கிறோம்.

ஆகையால், எங்கள் வீட்டில் இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். யாருக்கு என்ன வேண்டும், எத்தனை ரூபாய் என்று ஆடியிலேயே சீட்டில் எழுதிவிடுகிறோம். புரட்டாசி முடிவதற்குள் ஒரு வார நாள் சாயங்காலம் போய், எழுதினதை மட்டும் வாங்கி வருகிறோம். அந்த நேரத்தில் கடைப் பெண்கள் சிரித்துப் பேசுகிறார்கள். மாற்று அளவு கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. மிச்சம் பிடித்த பணம் எவ்வளவு என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. காலில் மிதிபடாமல் திரும்பியதை ரூபாயில் எப்படி எழுதுவது?

என் மனைவிக்கு இதில் ஒரே ஒரு குறை. "கூட்டத்தைப் பார்க்காத தீபாவளி என்ன தீபாவளி?" என்கிறாள். அதற்காக அவள் தன் பெயரில் ஒரு சலுகை எழுதி வாங்கியிருக்கிறாள்: பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு பாண்டி பஜார்ப் பக்கம் போய், நடைபாதையில் கண்ணாடி வளையலும் பூவும் வாங்கிக்கொண்டு, பெரிய கடை எதிலும் நுழையாமல் திரும்பிவிட வேண்டியது. வளையல்காரரிடம் பேரம் பேசக் கூடாது என்பது நான் சேர்த்த நிபந்தனை. அதை மட்டும் அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.